கதவைக் கேட்கும் பட்டன்

ஒரே கொட்டகைக்குள் வேலை பார்த்து, ஒரே குழாயில் கை கழுவி, ஒரே பாத்திரத்துச் சாப்பாட்டைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேர் வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? பேஷாக முடியும். அதற்கு அவர்கள் கூடப்பிறந்தவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேற்று மனிதனாக இருந்தால் ஒரு வாரத்தில் சலித்துப்போய் வாயைத் திறந்துவிடுவான்.

தெருவில் எல்லோரும் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வார்கள். பெரியவருக்குக் கார் குஷன் வேலை. சீட் உறை, கதவின் உள்பக்கம் ஒட்டும் டோர் பேட், மேற்கூரைத் துணி, கதவு விளிம்பில் இடைவெளியை அடைக்கும் ரப்பர் பீடிங் எல்லாம் அவர் கை. சின்னவர் ஒயரிங். பழைய காரின் வயிற்றுக்குள் எலி கடித்துப்போட்ட ஒயரைக்கூட நிறம் பார்த்துப் பிரித்து உயிர் கொடுத்துவிடுவார். கொட்டகையின் இடது பாதியில் பெரியவரின் தையல் மிஷின், வலது பாதியில் சின்னவரின் பேட்டரி சார்ஜர். நடுவில் எப்போதும் யாருடைய காராவது ஒன்று நிற்கும்.

பேச மாட்டார்கள் என்றால் வாயே திறப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருவருமே நன்றாகப் பேசுவார்கள். ஆனால் ஜாடையாகத்தான். பெரியவர் தையல் மிஷினைப் பார்த்துச் சொல்வார்: "இன்னைக்கு சீட்டை உள்ள வெக்கணும். அடியில ஒயரை விரிச்சுப் போட்டிருந்தா எங்கேருந்து வெக்கிறது?" சின்னவர் சார்ஜரிடம் பதில் சொல்வார்: "கொஞ்சம் பொறுத்தா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது." புதிதாக வருகிறவர்கள் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று புரியாமல் இங்கும் அங்கும் திரும்புவார்கள். பக்கத்து டயர் கடைக்காரர்தான் விளக்கம் சொல்வார்: "அங்க மிஷினுக்கும் சார்ஜருக்கும்தான் சண்டை. மனுஷங்க ரெண்டு பேரும் ரொம்ப அமைதி."

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சின்னவருக்கு அந்தக் காலத்தில் ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண்ணை அவர் தூரத்திலிருந்து பார்த்திருந்தார். பிடித்துப் போயிருந்தது. பெண்ணின் அண்ணன் கொட்டகைக்கே வந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். வந்த ஆளைச் சிரிக்க வைக்காமல் அனுப்பினால் பெரியவருக்குத் தூக்கம் வராது. "தங்கமான பையன். ஒரே ஒரு குறை, வாயைத் திறக்க மாட்டான். உங்க தங்கச்சிக்கு ஒரு ரேடியோ வாங்கிக் குடுத்து அனுப்புங்க, வீட்டுல பேச்சுக்குரல்னு ஒண்ணு கேக்கணுமில்ல?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அண்ணனும் சிரித்தார். போனவர் போனவர்தான்.

அந்தப் பேச்சால்தான் சம்பந்தம் தட்டிப்போயிற்றா, வேறு ஏதாவதா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. சின்னவர் வேறு காரணம் தேடவில்லை. "இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா என்னை ஏன்னு கேளு" என்று அண்ணனிடம் சொன்னார். பெரியவர் மட்டும் லேசுப்பட்டவரா? "பேசாட்டிப் போ, எனக்கென்ன நஷ்டம்?" என்றார். அன்றைக்கு மூடிய வாய்தான். அண்ணன் சொன்ன குறையைத்தான் ஆயுசு முழுக்க உண்மையாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சின்னவருக்கு உறைத்தபோது தலை பாதி நரைத்திருந்தது. கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. வீம்பு மட்டும்தான் பாக்கி. முதலில் அவர் கூப்பிடட்டும் என்கிற வீம்பு.

சின்னவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கொட்டகைக்கு மேலே இரும்புப் படி ஏறினால் ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு தம்ளர். ஊரார் காரில் இருக்கும் ரேடியோவையெல்லாம் பழுது பார்த்துக் கொடுத்த மனிதர் தனக்கென்று ஒரு ரேடியோ வாங்கவே இல்லை. வாங்கினால் அண்ணன் ஜெயித்துவிட்டதாக ஆகிவிடுமாம். என்ன பைத்தியக்காரத்தனம் பாருங்கள். அதனால் சாயங்காலம் பெரியவர் தம் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு அந்த அறையில் அவர் மென்று விழுங்கும் சத்தம்தான் கேட்கும். காலையில் கீழே ஷட்டர் தூக்கும் ஓசையும், அண்ணனின் இருமலும், மிஷின் ஓடும் கடகடவும் வந்தால்தான் அவருக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும். எந்தத் துணி தைக்கிறார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் காலையில் பெரியவர் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே வழக்கத்தைவிட உரக்கப் பேசினார்.

"உன்னை விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்திருக்காரு. நல்ல மனுஷன். நேரத்துக்கு எண்ணெய் விடணும்னு சொல்லியிருக்கேன். நாங்க மக வீட்டோட போயிடப் போறோம். அது ரொம்பத் தூரம். பேரன் பேத்தியப் பார்த்துக்கணுமாம். இனிமே இந்தப் பக்கம் வர்றதுக்கில்ல."

சின்னவர் ஒரு காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருந்தார். டார்ச் அப்படியே நழுவி நெஞ்சில் விழுந்தது.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, பெரியவரின் மனைவி, சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரோடும் நேராகப் பேசுகிற ஒரே ஜீவன் அவள்தான்.

"தம்பி, போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவர் நின்னாலும் நிப்பார். அவருக்கும் போக மனசே இல்ல. 'இங்க எனக்கு யாரு இருக்கா'ன்னு சொல்லிச் சொல்லித்தான் கிளம்புறார்."

"முதல்ல அவர் பேசட்டும் அண்ணி."

"என்னத்தைப் பேசணும்?"

"எதையாவது. டேய்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். மத்ததை நான் பேசிக்கிறேன்."

"உங்க ரெண்டு பேரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டணும்" என்று அண்ணி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் போனாள்.

கடைசி வேலையாக வந்து சேர்ந்தது பல் டாக்டரின் கார். நீண்ட மூக்கும் உருண்டை விளக்கும் வைத்த பழங்காலத்து வண்டி. அவர் அப்பா ஓட்டியது. டாக்டருக்கு இடுப்பு வலி. காரை விட்டு இறங்குமுன் ஒவ்வொரு கதவாக எட்டிச் சாய்ந்து குமிழை அமுக்கிப் பூட்ட வேண்டியிருக்கிறது என்று புலம்பினார்.

"ஒரே பட்டன் சின்னவரே. அமுக்கினா நாலு கதவும் பூட்டிக்கணும். அதையே திரும்ப அமுக்கினா திறந்துக்கணும். புதுசா எதையோ மாட்டியிருக்குன்னு பார்க்கிறவனுக்குத் தெரியக்கூடாது" என்றார். பிறகு இடது பக்கம் திரும்பி, "பெரியவரே, சீட்டு, டோர் பேட் எல்லாம் புதுசா வேணும். நாலு கதவுக்கும் நல்ல ரப்பர் பீடிங்கா போடுங்க. மழைத் தண்ணியும் உள்ள வரக்கூடாது, ரோட்டுச் சத்தமும் வரக்கூடாது" என்றார். கிளம்பும்போது இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்னா ஊரே வாயைத் திறக்குது. உங்க ரெண்டு பேரு வாய் மட்டும் எந்தக் கொறடுக்கும் அசைய மாட்டேங்குதே!"

ஒரே பட்டன் என்று சொல்வது சுலபம். கதவுக்கு ஒரு குட்டி மோட்டார் வைத்தால் அது கம்பியைத் தள்ளிப் பூட்டும், இழுத்துத் திறக்கும். இரண்டு பட்டன் இருந்தால் ஒன்று பூட்ட, ஒன்று திறக்க என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடலாம். பட்டன் ஒன்றுதான் என்றால், இந்தத் தடவை அமுக்கியது பூட்டுவதற்கா, திறப்பதற்கா? சில பேர் ஒரு தடவை இது, மறு தடவை அது என்று மாற்றி மாற்றிப் போடும் ரிலே ஒன்றை வைத்து அனுப்பிவிடுவார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. நடுவில் யாராவது சாவி போட்டுப் பூட்டிவிட்டால் பட்டனுக்கு அது தெரியாது. தான் கடைசியாகச் செய்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பூட்டிய கதவையே மறுபடி பூட்டிக்கொண்டிருக்கும்.

சின்னவருக்கு அந்த வேலை ஆகாது. டிரைவர் பக்கத்துக் கதவு மோட்டாரில் கூடுதலாக ஒயர் வரும். கதவு பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று அது சொல்லும். அதை ரிலேயில் கொண்டுவந்து சேர்த்தார். பட்டனை அமுக்கினால் முதலில் கதவு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு நேர்மாறாகச் செய்யும். பூட்டியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் பூட்டும். இத்தனை புத்தியை ஒரு பட்டனுக்குள் வைத்த மனிதர், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் மனசு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். அதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

பேசாமல் எப்படி இரண்டு பேர் ஒரே காரில் வேலை செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு சிவப்புத் துணி இருந்தது. ஸ்டியரிங்கில் அது கட்டியிருந்தால் ஒயரிங் வேலை நடக்கிறது, குஷன்காரர் கை வைக்கக்கூடாது. அவிழ்த்திருந்தால் அவர் முறை. யார் ஆரம்பித்தது என்று இருவருக்கும் நினைவில்லை. ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

வேலை முடிகிற கட்டம். நாலு மோட்டாரும் கதவுக்குள் ஏறியாகிவிட்டன. இனித் தேவைப்படாது என்று உள்ளே இருந்த பழைய குமிழ்களைக் கழற்றியாயிற்று. பெரியவர் டோர் பேட் ஒட்டி, பீடிங்கும் போட்டுவிட்டார். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கதவைத் திறக்கும் கைப்பிடி எல்லாம் அவருடைய தகர டப்பாவில் இருந்தன. அவற்றைக் கடைசியில்தான் மாட்டுவார். மோட்டார் கம்பி கண்ணாடியில் உரசுகிறதா என்று பார்ப்பதற்காகச் சின்னவர் ஒரு கைப்பிடியை எடுத்து நாலு கண்ணாடியையும் முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப டப்பாவில் போட்டார். சிவப்புத் துணியைக் கட்டினார். டிரைவர் கதவை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டு, பானெட்டைத் தூக்கி பேட்டரி இணைப்பில் குனிந்தார். பட்டனை இன்னும் இடத்தில் பொருத்தவில்லை. நீளமான ஒயரின் நுனியில் பானெட் வழியாக வெளியே தொங்கியது.

அந்த நேரத்தில் அண்ணி சாப்பாட்டோடு வந்தாள். பாத்திரம் கொதிக்கிறது. பிடிக்கத் துணி தேடினாள். திறந்திருந்த கதவு வழியாகக் கைக்கு எட்டியது ஸ்டியரிங்கில் இருந்த துணிதான். அவிழ்த்து எடுத்துப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, போகிற போக்கில் டிரைவர் கதவையும் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது துணி. அவ்வளவுதான்.

பெரியவர் கை கழுவிவிட்டு வந்து பார்த்தார். ஸ்டியரிங்கில் துணி இல்லை. சரி, ஒயரிங் முடிந்துவிட்டது என்று எண்ணி, பசை வாடைக்காக மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொண்டு, பசை டின்னோடு பின் சீட்டில் ஏறினார். பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு ஓரம் ஒட்ட வேண்டியிருந்தது. பீடிங் சரியாக அமுங்குகிறதா என்று பார்க்கக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்; கைப்பிடியெல்லாம் டப்பாவில் கிடப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாய் திறந்து 'முடிஞ்சுதா?' என்று ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம்தான் அந்தக் கொட்டகையில் கிடையாதே!

டயர் கடையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் காதைப் பிளந்துகொண்டிருந்தது. சின்னவர் நிமிர்ந்து, பட்டனைக் கையில் எடுத்து அமுக்கினார். டப். நாலு கதவும் ஒரே மூச்சில் பூட்டிக்கொண்டன. அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஒயரை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் வந்தார். அப்போதுதான் பின் சீட்டில் ஆள் அசைவது தெரிந்தது.

கொட்டகை வாசலின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து கூசியது. உள்ளே அண்ணனின் உருவமும், முகத்தைச் சுற்றிய துணியும், துணிக்கு மேலே இரண்டு கண்களும்தான் தெரிந்தன. கண்கள் நேராக அவரைப் பார்த்தன.

விரல் பட்டன் மேலேயே இருந்தது. ஒரு அமுக்கு அமுக்கினால் தீர்ந்தது. அமுக்கவில்லை. இப்போது கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும், வேறு வழி ஏது என்று அவர் மனசுக்குள் ஒரு குரல் துள்ளியது. கூப்பிடு. டேய்னு ஒரு சத்தம் குடு, திறந்துடுறேன். மிஷினையும் பார்க்க முடியாது, சார்ஜரையும் பார்க்க முடியாது. என்னைத்தான் கூப்பிடணும். கூப்பிடுண்ணே.

பெரியவர் உள்ளங்கையைக் கண்ணாடியில் ஒரு தரம் வைத்தார். எடுத்தார். அந்தக் கண்கள் அவரையே பார்த்தபடி இருந்தன. என்ன அழுத்தம், மூச்சு முட்டினாலும் பேச மாட்டாரோ என்று சின்னவருக்கு ஆத்திரம்கூட வந்தது. பிறகு பெரியவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மெதுவாகச் சீட்டில் உட்கார்ந்தார். முன் சீட்டின் முதுகில் நெற்றியைச் சாய்த்தார். தோள் இரண்டும் தொங்கிப்போயின.

பசை டின்!

திறந்த டின் உள்ளே இருப்பது சின்னவருக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டனை அமுக்கினார். கதவைப் பிடுங்காத குறையாக இழுத்தார். உள்ளேயிருந்து பசை நெடி முகத்தில் அடித்தது. பெரியவர் இருமிக்கொண்டே, நீட்டிய கையைப் பிடிக்காமல், தானே கதவைப் பற்றி இறங்கினார். துணியைக் கழற்றி எறிந்தார். கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். திரும்பி வந்து தையல் மிஷின் முன்னால் நின்றார். அதற்குள் அண்ணியும் வந்துவிட்டாள். அவள் கையில் இருந்த பாத்திரத்திலிருந்து ஆவி வந்துகொண்டுதான் இருந்தது. அவ்வளவு கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"கேட்டியா?" என்றார் பெரியவர் மிஷினிடம். "கூப்பிட்டேன். மூணு தடவை கூப்பிட்டேன். டேய் சின்னவனே, கதவைத் திறடா, மூச்சு முட்டுதுன்னு. கையில பட்டனை வெச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னான். நல்லா இருக்கட்டும்."

அண்ணி அதிர்ந்துபோய்த் திரும்பினாள். "தம்பி?"

சின்னவர் பழக்கதோஷத்தில் சார்ஜர் பக்கம் திரும்பினார். இது சார்ஜரிடம் சொல்கிற விஷயமா? எத்தனை வருஷமாக எந்த ஒரு வார்த்தைக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தாரோ, அது வந்துவிட்டது, அவர் நின்ற இடத்துக்கு ஒரு முழத் தூரத்தில். அவருக்கு மட்டும் கேட்கவில்லை.

"எனக்குக் கேக்கலண்ணே."

பெரியவரின் தோள் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தார்.

"கேக்கலைன்னா எதுக்குடா பார்த்துக்கிட்டே நின்ன?"

"நீ கூப்பிடுவேன்னுதான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"அதான் கூப்பிட்டேனே!"

"கேக்கலண்ணே. சத்தியமா."

"கார் என்ன கிணறா? கைக்கெட்டுற தூரத்துல நிக்கிறவனுக்குக் கேக்காதா? மூணு தடவடா!"

அதற்குமேல் என்ன சொல்லி நம்பவைப்பது? சின்னவர் தொங்கிக்கொண்டிருந்த பட்டனைப் பானெட் பக்கமே திரும்பக் கொண்டுபோய், டேஷ்போர்டுக்கு ஒயர் போகும் ஓட்டை வழியாகக் காருக்குள் விட்டார். "நீ இங்கேயே நில்லுண்ணே. நான் உள்ள போய்க் கத்துறேன். கேக்குதான்னு பாரு."

பெரியவர் கீழே கிடந்த துணியை எடுத்து நீட்டினார். "இதைக் கட்டிக்கிட்டுக் கத்து. நான் கட்டியிருந்தேன்ல." இந்த நிலையிலும் நியாயம் பேசுகிற ஆள் அவர்.

பசை டின்னை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சின்னவர் துணியைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். பட்டனை அமுக்கினார். டப். கம்ப்ரஸர் இரைச்சல் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. தன் மூச்சுதான் அவருக்குக் கேட்டது.

"அண்ணே!" என்று கத்தினார். வெளியே பெரியவர் கழுத்தை நீட்டினார். அண்ணியும் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணே!" பெரியவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினார்.

மூன்றாவது தடவையும் அதையே கத்துவதாகத்தான் நினைத்தார். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"போகாதண்ணே! எனக்குக் கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சிகூட இப்ப ஞாபகம் இல்ல. உன் மிஷின் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பொழுதே விடியுது. நீ போயிட்டா மேல அந்த ரூம்ல ஒருத்தனா நான் என்ன பண்ணுவேன்? சார்ஜர்கிட்ட என்னத்தைச் சொல்லுவேன், யாரு காதுல விழணும்னு சொல்லுவேன்? மிஷினை விக்காத. என்னைத் திட்டிக்கிட்டாவது இங்கேயே இருண்ணே!"

தொண்டை கட்டிப்போகும்படி கத்தினார். கட்டியிருந்த துணி நனைந்துபோயிற்று. வெளியே பெரியவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

சின்னவர் பட்டனை அமுக்கினார். பெரியவரே ஆவலாகக் கதவை இழுத்துத் திறந்தார். அவர் முகத்தைப் பார்க்கணுமே, பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

"ஒண்ணுமே கேக்கலடா! நெசமாவே கேக்கல. நான்தான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்." பீடிங்கை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன ரப்பரு பாரு, நானே போட்டது." அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"ஆமா, கடைசியில என்னமோ நீளமா கத்தினியே, என்னடா அது?"

சின்னவர் துணியை அவிழ்த்தார். அண்ணன் எதிரே நிற்கிறார். நேராகப் பார்க்கிறார். டேய் என்று ஒரு தடவைக்குப் பல தடவை சொல்லியாகிவிட்டது. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்று அண்ணியிடம் சொன்னது இவர்தானே? வாயைத் திறந்தார். காருக்குள் அப்படிக் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றாவது வெளியே வர வேண்டுமே!

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா, வாய்க்கு வந்ததைக் கத்தினேன்."

"அதானே பார்த்தேன்" என்று பெரியவர் சிரித்தார். தம்பியின் தோளில் கை போட்டுச் சாப்பிட அழைத்துப் போனார். அண்ணி சின்னவரையே பார்த்துக்கொண்டு பரிமாறினாள். பெரியவர் சாப்பிடும்போதும் பேசினார், கை கழுவும்போதும் பேசினார். மகள் வீட்டு ஜன்னல், அங்கே அடிக்கும் குளிர், பேத்தியின் விஷமம், இத்தனை வருஷம் ஜாடையாகச் சொன்னதையெல்லாம் நேராகத் திரும்பச் சொல்வது என்று மடை திறந்த மாதிரி பேச்சு. சின்னவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். இடையில் எங்காவது பேச்சு நின்றால் சொல்லிவிடலாம் என்றுதான் காத்திருந்தார். நிற்கவில்லை.

அதற்குள் மிஷினை வாங்கியவர் வண்டியோடு வந்துவிட்டார். டயர் கடையில் கம்ப்ரஸரை நிறுத்தியிருந்தார்கள். தெருவில் அப்படி ஒரு அமைதி.

"டேய் சின்னவனே, இந்தப் பக்கம் வந்து ஒரு கை குடுடா" என்று பெரியவர் கூப்பிட்டார்.

நன்றாகவே கேட்டது. சின்னவர் போய் மிஷினின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கி, வண்டியில் ஏற்றினார்.